முகமில்லாப் பெட்டி

வன்னி நாட்டிலே "பெட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு எவரும் தப்பிவிட முடியாது. "எந்தப் பெட்டி?" என்ற கேள்வி உடனே பிறக்கும். பிட்டு அவிக்க நீற்றுப்பெட்டி. வெற்றிலையும் சில்லறைக் காசும் வைக்கக் கொட்டப்பெட்டி. கூறைச் சேலையும் காணி உறுதியும் வைக்கப் பெட்டகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வடிவம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு காரணம். நீற்றுப்பெட்டியை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அது ஏன் கூம்பாக இருக்கிறது? பானையின் வாயிலே இறுகப் பொருந்துவதற்கு. அது ஏன் ஓலையாற் பின்னப்பட்டது? பின்னலின் இடுக்குகளினூடே கொதிநீரின் ஆவி ஏறி மாவை அவிப்பதற்கு. அதனைப் பின்னிய பாட்டி பொறியியல் கற்றவள் அல்லள். ஆயினும் வெப்பம் எவ்வழியால் வரும், எவ்வழியாற் போகும் என்பதை அவளுடைய விரல்கள் நன்கு அறிந்திருந்தன.

இந்தப் பெட்டிகளின் வரிசையிலே புதிதாக ஒரு பெட்டி எம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மேசைக் கணினியின் பெட்டிதான் அது. அதற்கு ஒரு பெயர்தானும் உண்டோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அதனைச் "சீ.பீ.யூ." என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியது உள்ளே ஒளிந்திருக்கும், தீப்பெட்டி அளவேயான ஒரு சில்லு. வீட்டுக்காரரின் பெயரை வீட்டுக்கு இட்டு அழைப்பது போன்றது இது. பெட்டிக்கென்று எவரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கத் தூண்டும் முகமும் அதற்கு வாய்க்கவில்லை.

இதனைப் பற்றி நாம் எழுத நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

எமது பெறாமகள் ஒருத்தி பரந்தனுக்கு அருகே வசிக்கிறாள். க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவிலே படிக்கிறாள். அவளுக்கு ஒரு கணினி வேண்டியிருந்தது. தகப்பனார் நெல் விற்ற பணத்தைக் கொண்டு நகரத்துக்குப் போனார்; துணைக்கு எம்மையும் அழைத்துக்கொண்டார். கடையிலே சுவர் நிறையப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. இருபது பெட்டிகள் இருக்கலாம். இருபதும் கறுப்பு. இருபதும் ஒரே உயரம், ஒரே அகலம். ஒன்றுக்கொன்று வேறுபாடு யாதெனில், முகப்பிலே ஒட்டிய பிளாத்திக்குத் துண்டின் வளைவும், உள்ளே மின்னும் விளக்குகளின் நிறமுமே. "எது நல்லது, தம்பி?" என்று கேட்டோம். விற்பனை செய்த இளைஞர் ஒளிவு மறைவின்றி விடை சொன்னார்: "எல்லாம் ஒண்டுதான் ஐயா. பிள்ளைக்குப் பிடிச்ச கலரைச் சொல்லுங்கோ." பிள்ளை நீல விளக்கைத் தெரிந்தாள். முன்புறத்திலும் பக்கத்திலும் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்று பஸ்ஸிலே எம் மடிமீது அமர்ந்து பரந்தன் வந்து சேர்ந்தது.

வைகாசி பிறந்தது. சோளகக் காற்றும் வந்தது. வன்னியிலே சோளகம் வீசும் காலத்தில் முற்றத்துச் செம்மண் முற்றத்திலே நில்லாது என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கணினி தானாக அணையத் தொடங்கிற்று. ஒருநாள் அவள் இரண்டு வாரமாகச் செய்துவந்த செயற்றிட்ட அறிக்கை சேமிப்பதற்கு முன்னரே அணைந்து, பாதி அழிந்துபோயிற்று. பிள்ளை அழுதாள். "நான் ஏதோ பிழையாக அமத்திப்போட்டன் பெரியப்பா" என்று தன்னையே நொந்துகொண்டாள். அந்தச் சொல்தான் எம் மனத்தை உறுத்தியது. குற்றம் பெட்டியினுடையது, பழியை ஏற்றுக்கொண்டதோ பதினெட்டு வயதுப் பிள்ளை.

திருத்துபவர் வந்து பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே செம்மண் தூசி பஞ்சு போலப் படிந்திருந்தது. காற்றாடியின் இறகுகள் தடித்துப்போயிருந்தன. ஒரு மூலையிலே பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது. அவர் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு மருந்து ஒன்று சொன்னார்: "கண்ணாடியைப் பூட்டாதேங்கோ. பெட்டியைத் திறந்து விட்டு, மேசை ஃபானை இந்தப் பக்கம் திருப்பி விடுங்கோ." நாம் சிந்தித்தோம். ஒரு குடையை வாங்கியவனிடம், "மழை வந்தால் குடையை மடக்கி வைத்துவிடுங்கள்" என்று சொல்வது போலல்லவா இருக்கிறது இது! எந்தப் பெட்டியைத் திறந்து வைத்தால்தான் உள்ளே இருப்பது பிழைக்குமோ, அந்தப் பெட்டி எதற்காக?

உள்ளே நடப்பதைச் சற்று விளக்குவோம். சாதாரண மேசைக் கணினியின் சில்லு ஒன்று கடுமையாக வேலை செய்யும்போது ஏறத்தாழ 65 வாற்று மின்சாரத்தை வெப்பமாக்குகிறது. பழைய 60 வாற்று மின்குமிழைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்பது தெரியும். அத்தகைய குமிழ் ஒன்றை மூடிய பெட்டிக்குள் வைத்து எரிப்பதாக எண்ணுங்கள். முன்புறத்தாற் குளிர்ந்த காற்று நுழைய வேண்டும். பின்புறத்தாலும் மேற்புறத்தாலும் சூடான காற்று வெளியேற வேண்டும். முன்புறத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டால் காற்று எங்கே நுழையும்? பின்புறத்தில் உள்ள ஒற்றைக் காற்றாடி மட்டும் காற்றை வெளியே இழுத்தால், பெட்டியின் ஒவ்வொரு இடுக்கும் தூசியை உள்ளே உறிஞ்சும் வாயாகிவிடும். அதற்கு மாறாக, முன்புறத்தில் வலை ஒன்றைக் கட்டி, அவ்வழியால் உள்ளே தள்ளும் காற்று வெளியேறும் காற்றைவிடச் சற்று மிகுந்திருக்குமாறு செய்தால், இடுக்குகளால் காற்று வெளியே கசியுமேயன்றித் தூசி உள்ளே வராது. இதிலே மந்திரம் ஒன்றுமில்லை. பானைக்கும் நீற்றுப்பெட்டிக்கும் இடையே துணி சுற்றி ஆவியை ஒரே வழியில் ஏற்றும் எம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் செய்வதும் இதுதான்.

அப்படியானால் உலகத்துப் பேரறிஞர்கள் கூடிச் செய்த இந்தப் பொறிக்கு மட்டும் இத்தகைய பெட்டி ஏன் வாய்த்தது? இதற்கு விடை காண, கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

1976ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் முதற் கணினி விற்பனைக்கு வந்தபோது அதற்குப் பெட்டியே கிடையாது. மின்சுற்றுப் பலகையை மட்டுமே விற்றார்கள். வாங்கியவர்களிற் சிலர் தாமே மரப்பெட்டி செய்து அதற்குள் பொருத்திக்கொண்டார்கள். அந்த மரப்பெட்டிகளிற் சில இன்றும் அரும்பொருள்களாகப் பேணப்படுகின்றன. தச்சனுடைய உளிக்கும் கணினிக்கும் முதல் நாளிலேயே உறவு இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. வெளிறிய மண்ணிறத்தில், தட்டையான தகரப் பெட்டி அது. கந்தோர்களிலே கோப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் அடக்கமாக இருக்க வேண்டியது. ஆகையால் அடக்கமான உருவம் பெற்றது. ஐ.பி.எம். தன் பொறியின் உள்ளமைப்பை மறைத்து வைக்கவில்லை. கடைகளிலே கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே அதனை ஆக்கியிருந்தது. ஆதலால் சில ஆண்டுகளுக்குள் அதேபோன்ற கணினிகளைப் பலரும் செய்யத் தொடங்கினார்கள். பொறியைப் பார்த்துச் செய்தவர்கள் பெட்டியையும் பார்த்துச் செய்தார்கள். 1995ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் ஏ.ரீ.எக்ஸ். என்னும் பொது அளவுத் திட்டத்தை வெளியிட்டது. தாய்ப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. திருகாணித் துளைகள் இன்ன இன்ன இடத்தில். பின்புற வாயில்கள் இன்ன அளவில். என்று எல்லாம் வகுக்கப்பட்டன. அன்று தொட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் அந்த அளவே பெருவழக்காக இருந்து வருகிறது.

இந்த அளவுத் திட்டத்தை நாம் குறை கூறப் புகவில்லை. உண்மையில் எம் போன்ற ஊர்களுக்கு அது ஒரு பெரும் வரம். வவுனியாவில் வாங்கிய தாய்ப்பலகை முல்லைத்தீவில் உள்ள பழைய பெட்டிக்குள் பொருந்துகிறது. மின்வழங்கி எரிந்துபோனால் வேறொரு நாட்டிலே செய்யப்பட்ட மற்றொன்றைப் பூட்டலாம். ஒரு சைக்கிளுக்கு எந்தக் கடையிலும் ரியூப் கிடைப்பதுபோல, கணினியின் உறுப்புகளும் எங்கும் கிடைக்கின்றன. ஏழை வீட்டுப் பிள்ளையின் கையிலே கணினி இருப்பதற்கு இந்தப் பொதுமை ஒரு முக்கிய காரணம் ஆகும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திட்டம் வகுத்தது உள்ளே துளை எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டுமே. வெளியே பெட்டி கறுப்பாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. நான்கு மூலையும் செங்கோணமாக இருக்க வேண்டும் என்றோ, காற்று நுழையும் முகத்தைக் கண்ணாடியால் அடைக்க வேண்டும் என்றோ எந்த விதியும் இல்லை. வெண்பாவுக்குத் தளையும் சீரும் உண்டு. அடி என்னும் கட்டும் உண்டு. அதனால் வெண்பாக்கள் எல்லாம் ஒரே பாட்டாகி விட்டனவா? இலக்கணம் கட்டியது யாப்பை, கற்பனையை அன்று. கணினிப் பெட்டி செய்வோர் இலக்கணத்தைக் காட்டிக் கற்பனையின்மைக்குச் சமாதானம் சொல்வதை நாம் ஏற்க முடியாது.

உண்மையான காரணம் வேறு. தகட்டை வெட்டி வளைக்கும் அச்சு பெரும் விலையுடையது. ஓர் அச்சைச் செய்துவிட்டால் அதிலிருந்து ஆயிரமாயிரம் பெட்டிகளை வார்த்துத் தள்ளவே ஆலைக்காரர் விரும்புவார். புதிய வடிவம் என்றால் புதிய அச்சு, புதிய செலவு. ஆகவே எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு முகமூடியை மட்டும் மாற்றுகிறார்கள். குறுந்தட்டு ஓட்டும் கருவி வழக்கொழிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் அதற்கான வாயில்கள் பல பெட்டிகளின் முகத்திலே வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முன்னே சந்தன நிறத்தில் வந்தன. பின்னே கறுப்பில் வந்தன. இன்று கண்ணாடியும் வானவில் விளக்கும் பூண்டு வருகின்றன. கோயில் திருவிழாக் கடையிலே ஒரே பொம்மைக்கு வேறு வேறு சட்டை போட்டு விற்பது போன்ற வேலை இது.

மற்றைப் பொறிகளின் வரலாறு இப்படி இருக்கவில்லை. வானொலியை எண்ணிப் பாருங்கள். முதலிலே அதுவும் அலுமாரி போன்ற மரப் பெட்டியாகத்தான் இருந்தது. 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே எக்கோ நிறுவனத்துக்காக வெல்ஸ் கோட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் பேக்கலைட்டினால் வட்ட வடிவமான வானொலி ஒன்றை வகுத்தார். ஒலிபெருக்கி வட்டமானது; ஆகையால் பெட்டியும் வட்டமாக இருக்கட்டுமே என்பது போன்ற எளிமை அதிலே இருந்தது. 1969ஆம் ஆண்டில் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்துக்காக எத்தோரே சொட்சாஸ் என்பவர் பெரி கிங் என்பவருடன் சேர்ந்து செக்கச் சிவந்த தட்டச்சுப் பொறி ஒன்றை வகுத்தார். தட்டச்சுப் பொறி என்றால் கந்தோரும் கறுப்பும்தான் என்ற எண்ணத்தை அது தகர்த்தது.

கணினி உலகிலும் முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் ஐமாக் என்ற கணினியை வெளியிட்டது. ஜொனதன் ஐவ் என்பவரின் தலைமையில் உருவான அந்தப் பொறி, அவுஸ்திரேலியக் கடற்கரை ஒன்றின் நீர் நிறத்திலே, உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் வண்ணம், முட்டை போல உருண்டு நின்றது. அதன் உச்சியிலே ஒரு கைபிடியும் இருந்தது. மண்ணிறத் தகரங்களுக்கு நடுவே அது வந்து நின்றபோது உலகம் வியந்து வாங்கியது. 2000ஆம் ஆண்டில் அதே நிறுவனம் கண்ணாடி போன்ற உறைக்குள் கனசதுரக் கணினி ஒன்றை வெளியிட்டது. காற்றாடியே இல்லாமல், கீழிருந்து மேலே காற்று தானாக ஏறிச் சூட்டைக் கொண்டு செல்லுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. மிக அழகிய பொருள்; விலையோ மிக அதிகம். ஓராண்டுக்குள் அதன் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. 2013ஆம் ஆண்டில் வந்த உருளை வடிவக் கணினியின் கதை இன்னும் பாடம் தருவது. அதன் வடிவம் உள்ளே இருந்த உறுப்புகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பின்னாளில் வலுமிக்க உறுப்புகள் வந்தபோது அவற்றின் வெப்பத்தைத் தாங்க அந்த வடிவத்தில் இடம் இருக்கவில்லை. 2017ஆம் ஆண்டில் நிறுவனத்தாரே அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இரு கதைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். அழகான பெட்டிகள் பெரும்பாலும் பூட்டிய பெட்டிகளாக இருந்தன. திறந்து திருத்தவோ மாற்றவோ எளிதில் இடம் கொடுக்கவில்லை. திறக்கக்கூடிய பெட்டிகளோ முகமற்ற தகரங்களாக இருந்தன. அழகும் பொதுமையும் ஒரே வீட்டிலே குடியிருக்க முடியாதா? முடியும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 2022ஆம் ஆண்டில் "நோர்த்" என்னும் பெட்டியை வெளியிட்டது. உள்ளே அதே ஏ.ரீ.எக்ஸ். அளவு. உடல் உருக்குத் தகடு. முகப்பு மட்டும் உண்மையான மரச் சட்டங்கள். நிரையாக நின்று, இடையிடையே காற்று நுழைய வழி விடுகின்றன. ஒரு யன்னலின் மரக்கம்பிகளை ஒத்த வடிவம். கணினிப் பெட்டி வீட்டுத் தளபாடங்களோடு ஒட்டி நிற்கலாம் என்பதை அது பலருக்கும் நினைவூட்டிற்று. சுவீடன் நாட்டார் தம் வீட்டைப் பார்த்துப் பெட்டி செய்தார்கள் என்று எமக்குத் தோன்றுகிறது. எம் வீட்டைப் பார்த்துப் பெட்டி செய்தவர் யார்?

எம் வீட்டின் தேவைகள் இரகசியமானவை அல்ல. முதலாவது, சோளகத்துத் தூசியைத் தடுக்கும் வலை. அதனையும் வீட்டிலுள்ளோர் திருகாணி கழற்றாமலே எடுத்துக் கழுவக்கூடியதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, பல்லியும் எறும்பும் நுழையாத இடுக்குகள். மூன்றாவது, பெட்டி நிலத்திலிருந்து ஓரடியேனும் உயர்ந்து நிற்பதற்கான கால்கள். 2018ஆம் ஆண்டு மார்கழியிலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நிலத்திலே வைத்த பொருள்களே முதலில் நனைந்தன. நான்காவது, ஒரு கைபிடி.

கைபிடி என்றதும் சிலர் நகைக்கலாம். கலிபோர்ணியாவிலே ஐமாக் கணினிக்குக் கைபிடி வைத்தவர்கள், மக்கள் அஞ்சாமல் அதனைத் தொட வேண்டும் என்று கருதி வைத்தார்கள். வன்னியிலே கைபிடிக்கு வேறு பொருள் உண்டு. எதைத் தூக்கிக்கொண்டு போகலாம், எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு நாழிகைக்குள் முடிவு செய்ய நேர்ந்த மக்கள் இவர்கள். 2009ஆம் ஆண்டு வரை எத்தனை முறை அந்த முடிவைச் செய்தார்கள் என்பதை அவரவர் வீட்டு முதியோரைக் கேட்டால் தெரியும். தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிய தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். அத்தகைய ஓர் ஊருக்கு, பிடித்துத் தூக்க ஓரிடமும் இல்லாத, வழுக்கும் கண்ணாடிப் பெட்டியை அனுப்பி வைப்பவர்கள் எம்மை அறியாதவர்கள். அவர்களை நோவதிற் பயனில்லை. தம்மை அறிந்தவர்கள் தாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

செய்துகொள்ளும் ஆற்றல் இந்த மண்ணுக்குப் புதிதன்று. போர்க் காலத்தில் மின்சாரம் அறுந்து, உலர் மின்கலங்களும் தடை செய்யப்பட்டிருந்த நாட்களிலே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுழற்றி, அதன் டைனமோவினால் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெய் அரிதானபோது ஜாம் போத்தலுக்குள் சிறு பஞ்சும் சில துளி எண்ணெயும் வைத்து விளக்கெரித்தார்கள். அந்த வெளிச்சத்திலே படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். அந்தப் போத்தல் விளக்கை எந்தக் கலைக்கூடமும் வடிவமைக்கவில்லை. தேவையும் கையும் சேர்ந்து வடிவமைத்தன. தட்டுப்பாட்டை நாம் புகழவில்லை. அது மீண்டும் வர வேண்டாம். ஆனால் தட்டுப்பாட்டிலே விழித்திருந்த கை, கடையிலே எல்லாம் கிடைக்கத் தொடங்கியதும் உறங்கிவிட்டதே என்பதுதான் எம் கவலை. "எல்லாம் ஒண்டுதான், கலரைச் சொல்லுங்கோ" என்ற பேச்சை நாமும் தலையசைத்து ஏற்றுக்கொண்டோம் அல்லவா?

இனி, எமது பெறாமகளின் பெட்டிக்கு என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். அவ்வூரிலே மேசை, கதவு, யன்னல் செய்யும் முதியவர் ஒருவர் இருக்கிறார். வேறொரு வேலையாக வீட்டுக்கு வந்தவர், மேசை விசிறிக்கு முன்னே வாய் திறந்து கிடந்த பெட்டியைக் கண்டு நின்றார். நாம் கதையைச் சொன்னோம். அவர் கண்ணாடி முகப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூக்கில்லையே பிள்ளை, பிறகு எப்பிடி மூச்சு விடும்?" என்றார். மூன்று நூல்களும் இரண்டு வகுப்புகளும் விளக்கியதை அவர் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார் என்று பிள்ளை பின்னர் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலையிலே இறங்கினார்கள். உருக்குக் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. தகடு மின்கசிவை நிலத்துக்குக் கடத்துகிறது; பொறியிலிருந்து கிளம்பும் வானொலி அலைகள் அயலிலுள்ள வானொலியைக் கரகரக்கச் செய்யாமலும் தடுக்கிறது. ஆகவே முழுவதையும் மரத்தாலே செய்வது அறிவுடைமை ஆகாது. மின்வழங்கியின் உறையையோ அவர்கள் தொடவேயில்லை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதைப் பிள்ளை வகுப்பிலே கற்றிருந்தாள். முன்புறக் கண்ணாடியைக் கழற்றினார்கள். யன்னல் செய்து மிஞ்சிய முதிரைத் துண்டுகளைச் சீவி, பதினொரு சட்டங்கள் ஆக்கி நிரையாகப் பொருத்தினார்கள். அவற்றின் பின்னே நுளம்பு வலையை இரட்டையாக மடித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். சனிக்கிழமைதோறும் கழற்றிக் கழுவலாம். அதன் பின்னால் காற்றை உள்ளே தள்ளும் காற்றாடிகள் இரண்டு. பின்புறம் முன்பிருந்த ஒன்று. பக்கத்துக் கண்ணாடி தன் இடத்துக்குத் திரும்பிற்று. கீழே ஓரடி உயரமான மரக்கால்கள். மேலே, தகட்டோடு சேர்த்து முடுக்கிய மரக் கைபிடி. செலவு என்று சொல்ல ஒரு காற்றாடியின் விலையும் கொஞ்சம் ஆணியுமே.

அது பேரழகு என்று நாம் புளுகப் போவதில்லை. இடப்பக்கத்துக் கால் சற்றே குட்டை. கடதாசி மடித்து வைத்திருக்கிறார்கள். மிக நுண்ணிய தூசி இப்பொழுதும் உள்ளே போகிறது. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு அது அணைவதில்லை. ஆவணி மாதத்துச் சோளகத்திலும் அவள் இருந்து படித்ததை நாம் கண்டோம். அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. இப்போது பொறி நின்றுபோனால், "நான் ஏதோ பிழை செய்துவிட்டேன்" என்று அவள் சொல்வதில்லை. "எது பிழைத்தது?" என்று கேட்டுக்கொண்டே திருகாணிச் சாவியைத் தேடுகிறாள். பொருளுக்கு அஞ்சிய பிள்ளை பொருளை விசாரிக்கும் பிள்ளையாக மாறிவிட்டாள். கல்வி என்பது இந்த மாற்றத்தையன்றி வேறு எதனை?

மாணவச் செல்வங்களே! இக்கட்டுரை சிறப்பாக உங்களுக்கு உரியது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேயே இருக்கிறது. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்திருக்கிறது. பாடசாலைகளிலே 2013ஆம் ஆண்டு தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவில் நீங்கள் செயற்றிட்டம் செய்தே ஆக வேண்டும். செயற்றிட்டத்துக்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். அது உங்கள் மேசைக்குக் கீழே கறுப்பாக நின்றுகொண்டிருக்கிறது. அளவுகள் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டவை. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உருக்குக் கூட்டை வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை நீங்கள் செய்யுங்கள். பனம் சலாகை எம்மிடம் உண்டு. பனையோலைப் பின்னல் உண்டு. ஒட்டு வேலை அறிந்த கருமானும் தச்சரும் பக்கத்துத் தெருவிலே உண்டு. ஓலையை வெப்பமான உறுப்புகளுக்கு அருகே வைக்காதீர்கள். காற்று நுழையும் குளிர்ந்த முகத்திலே மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு வெப்பமானியை வைத்துப் பிற்பகலிலே அளந்து பாருங்கள். பழைய முகத்தோடு எத்தனை பாகை, புதிய முகத்தோடு எத்தனை பாகை என்று குறித்து வையுங்கள். அழகு உண்மையானதா, வெறும் ஒப்பனையா என்பதை அந்த இரு எண்களும் சொல்லிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை பெட்டியைக் கழற்றினால், "உடைத்துவிடுவாய்!" என்று அதட்டாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்தாயா என்று மட்டும் கேளுங்கள். பிறகு பக்கத்திலே இருந்து திருகாணிகளை ஒரு சிரட்டையிலே பொறுக்கி வையுங்கள்.

சென்ற வாரம் பரந்தனுக்குப் போயிருந்தோம். வாசலில் நின்று, "பிள்ளை எங்கே?" என்று கேட்டோம். "முதிரைப் பெட்டியடியில் இருந்து படிக்கிறாள்" என்று உள்ளேயிருந்து தாயார் குரல் கொடுத்தார்.

"எந்தப் பெட்டி?" என்று நாம் கேட்கவில்லை.